தொடாமல் நூறு மணி நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பத்து வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்தவளுக்கு இந்த ஊர்க் கல்லூரி போடும் நிபந்தனையைக் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே சேர விண்ணப்பிக்கவே, இங்குள்ள கிளினிக்கில் நூறு மணி நேரம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். நோயாளியைத் தொடவே கூடாதாம்!

நேற்று தொண்ணூற்றெட்டாவது மணி நேரம். நடை பழகிக்கொண்டிருந்த பெரியவர் தடுமாறினார், பாய்ந்து தாங்கிவிட்டேன்.

"ரூல் ரூல்தாம்மா. முதல்லேருந்து ஆரம்பிங்க" என்றார் மேலாளர். அந்த மனுஷர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தால் எனக்கு நூறு மணி நேரமும் கிடைத்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய வீடியோ பார்த்தேன். பாப்பா மூன்றாவது அடியிலேயே விழப்போனாள். நீட்டிய என் கை ஃபோன் கண்ணாடியில் முட்டியது.

இதுவும் தொடாமல் பார்த்ததுதானே? கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா