குல்லாக்காரிக்குத் தனிக் கூண்டு

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறாள் உன் அத்தை. ஆட்களைப் பொறுத்தவரை நலம்தான். கோழிகளைப் பொறுத்தவரை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் உன் அப்பா அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் மலையில் இப்போதும் போர்வை இல்லாமல் தூங்க முடியாதாமே, உன் வீட்டுக்காரன் சொன்னான். இங்கே நாங்கள் தரையில் தண்ணீர் தெளித்து, அது காய்வதற்குள் தூங்கிவிடப் பார்க்கிறோம்.

பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நீ கிளம்பினாய். இப்போது மூன்றாவது மாதம் நடக்கிறது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் இங்கே ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொள்கிறார்கள், அதில் மனிதன் என்னத்தைப் பேசுவது? நான் எழுதினால் நீ தட்டமாட்டாயாம், அதனால் உன்னைத் திரும்பி வரச்சொல்லி எழுத வேண்டியது என் பொறுப்பு என்று உன் அத்தை தீர்மானம் போட்டுவிட்டாள். உன் நாத்தனார், நம் பெரியவள், அவளும் பின்பாட்டுப் பாடினாள். அதுதான் கீழே கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரிப்பேருக்கு வந்த ஒரு ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து அதன் மேல் காகிதத்தை விரித்திருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ஃப்ரிட்ஜைத் திட்டு.

முதலில் கோழிகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் என் மனசு ஆறும்.

கோழி ஆசை உன்னுடையது. கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஆறு கோழி விடலாமே என்று கேட்டாய். எதை வாங்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னாய். ஆறும் ஒரே வகையாக, ஒரே வயதுக் குஞ்சுகளாக, சேர்ந்தே வளர்ந்ததாக இருக்க வேண்டும். இந்த ஊர் வெயிலுக்கு ஒல்லி உடம்பும் குறைந்த இறகும் பெரிய கொண்டையும் உள்ள சாதுவான வகைதான் தாங்கும், கோழிக்கு வியர்க்காது, கொண்டை வழியாகத்தான் உடம்புச் சூடு வெளியே போகும் என்றாய். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற கம்பிச்சுருள் மாதிரியா என்று நான் கேட்டதற்கு, அதேதான் மாமா என்று வாய்விட்டுச் சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுப் போனவன், சந்தையில் போய் நின்றதும் புத்தி கெட்டுப்போனேன். நீ சொன்ன வகை ஒல்லிப்பிச்சானாக, வெளுத்துப்போய், கூடையின் ஓரத்தில் நின்றது. பக்கத்துக் கூண்டில் பார்த்தால் பஞ்சு மெத்தை மாதிரி இரண்டு, பாதம் வரைக்கும் இறகு, செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி. இன்னொன்று தலையில் இறகுக் குல்லா வைத்துக்கொண்டு மகாராணி போல நின்றது. அதற்குப் பக்கத்தில் சண்டைக்கோழி வம்சத்தில் மூன்று பெட்டைகள், நெடுநெடுவென்று, மினுமினுவென்று. நீ வாயடைத்துப்போவாய் என்று நினைத்துக் கலந்து வாங்கிக்கொண்டு வந்தேன். வெயில் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிறவனுக்கு ஆறு கோழிக்குக் குளிர் கொடுக்க முடியாதா என்று ஒரு மிதப்பு.

நீ வாயடைத்துத்தான் போனாய். கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தாய். பிறகு, "மாமா, இதுங்க ஒண்ணா இருக்காது" என்றாய். நான் பெரிய ஹாஸ்யக்காரன் மாதிரி, "ஏன், நாமெல்லாம் ஒண்ணா இல்லையா?" என்று கேட்டேன். தண்ணீர்த் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நீ அப்படி எழுந்து போனதற்கு அர்த்தம் எனக்கு விளங்க இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

குல்லாக்காரிக்குக் கண்ணை இறகு மறைக்கிறது, பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்றே அவளுக்குத் தெரியாது, நுனியை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோல் எடுத்து வந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊர்க்காரர் கண்ணையெல்லாம் பரிசோதித்தவள், உனக்குத் தெரியாதா? ஆனால் அழகே அதுதான், அதைப் போய் வெட்டுவார்களா என்று பெரியவள் கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நின்றேன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

நீ போன பிறகு வெயில் ஏறியது. கூண்டின் நாலு பக்கமும் கம்பிவலை மட்டும் இருக்கட்டும், காற்று குறுக்கே ஓடட்டும், நிழலுக்கு மேலே ஓலை போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நான்தான் மேதாவியாயிற்றே. மூன்று பக்கம் தகரத்தை அடித்து மூடி, கடையில் கிடந்த பழைய ஏர்கூலரைத் தூக்கிப்போய் நாலாவது பக்கத்தில் வைத்தேன். காற்று வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஈரம்தான் சேரும், புழுக்கம்தான் மிஞ்சும் என்று வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், செருப்புக்காரிகள் இரண்டு பேரும் இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்கள். ஒருத்தி என் கையிலேயே போய்விட்டாள். மற்றவள் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது அம்மா. கோழிக்குப் போயா என்று உன் வீட்டுக்காரன் கேட்டான். கோழிக்குத்தான்டா என்றேன்.

தகரத்தைப் பிடுங்கி எறிந்தேன். மிஞ்சிய நாலு பேரில் சண்டைக்கோழிகள் மூன்றும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. குல்லாக்காரிதான் எடை இறங்கிக்கொண்டே வந்தாள். தீனி போட்டால் மற்ற மூன்றும் சாப்பிட்டு முடிக்கிற வரை மூலையில் நிற்பாள், கடைசியில் வந்து மண்ணைக் கிளறுவாள். கூச்ச சுபாவம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் குல்லா முழுக்க ரத்தம். துண்டில் சுற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சின்ன வயசு டாக்டரம்மா. காயத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாம் விசாரித்தார். கூச்ச சுபாவம் டாக்டர் என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். "கூச்சம் இல்லைங்க, பயம். காயம் ஆறினாலும் அதே கூண்டுல விடாதீங்க, மறுபடியும் கொத்தும்" என்றார்.

கடையில் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டேன். காயம் ஆறியது. இனி கூண்டில் கொண்டுபோய் விடுங்கள், எத்தனை நாள் பெட்டியில் வைத்துக் கொஞ்சுவீர்கள், எல்லாம் போகப்போகப் பழகிவிடும் என்றாள் உன் அத்தை. டாக்டரம்மா சொன்னது காதில் இருந்தும், வீட்டில் எதற்கு வாக்குவாதம் என்று கொண்டுபோய் விட்டேன். கடைக்கு வந்து ஒரு கம்ப்ரஸரைக் கழற்றி மாட்டுவதற்குள் முடிந்துவிட்டது. உயிர் இருக்கிறது. இடது கண் போய்விட்டது.

அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், 'பழகிவிடும்' என்ற சொல்லை இதற்கு முன்னால் எங்கே கேட்டேன் என்று உறைத்தது. நீ வேலைக்குப் போகக் கூடாது என்று நிறுத்தியபோது கேட்டேன். நீ கொண்டுவந்த பாத்திரங்களைப் பரண் மேல் ஏற்றியபோது கேட்டேன். நீ தட்டில் கை வைத்த நேரம் பார்த்துத் தினமும் யாராவது உன்னைக் கூப்பிட்டார்களே, அப்போதும் கேட்டேன். உன் அத்தை கெட்டவள் இல்லை, பெரியவளும் இல்லை, நான் பெற்ற பெண்ணை எனக்குத் தெரியும். தனித்தனியாக யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் உன்னைச் சேர்த்துவைத்த இடம் தப்பு. ஒவ்வொரு தடவையும் கடையில் வேலை இருக்கிறது என்று நான் படி இறங்கியதும் தப்பு. பாதி நாள் கடையில் ஒரு வேலையும் இருக்காது.

குல்லாக்காரிக்குக் கடைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் தனிக் கூண்டு கட்டியிருக்கிறேன். நாலு பக்கமும் வலைதான். கண்ணை மறைத்த இறகை வெட்டியாகிவிட்டது. துணைக்கு நீ சொன்ன அந்த ஒல்லி வகையில் ஒன்றை வாங்கிவந்து, பத்து நாள் நடுவில் வலை வைத்துப் பார்க்கப் பழக்கி, பிறகுதான் சேர்த்தேன். இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன. ஒற்றைக் கண்ணி முட்டைகூட வைக்கிறாள். இதை நான் உன் பேச்சைக் கேட்டு முதல் நாளே செய்திருக்கலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வராதே அம்மா. இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே.

உன் வீட்டுக்காரனிடம் நேற்றுப் பேசினேன். அவன் கூரியர் கம்பெனிக்கு உங்கள் ஊரிலும் கிளை இருக்கிறது, மாற்றல் கேள் என்றேன். மாற்றல் கேட்டு மனுவே எழுதி வைத்திருக்கிறானாம், கொடுக்கத்தான் தைரியம் இல்லையாம். என் பிள்ளையாயிற்றே, வேறு எப்படி இருப்பான்? அம்மா என்ன சொல்லுவாங்களோ என்று இழுத்தான். "அம்மா கிட்ட நான் பேசிக்கிறேன், நீ கிளம்பு" என்றேன். அடுத்த வாரம் வருகிறான். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறக்காவிட்டால் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவும் விடமாட்டேன். திறந்தால், தனியாக ஒரு வீடு பாருங்கள். சின்னதாக இருந்தாலும் உன் வீடாக இருக்கட்டும். நீ மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதை யாருக்காகவும் விடாதே, அவனுக்காகவும்.

நஷ்டம் எனக்குத்தான். நாலு மணிக்கு டீயோடு இறங்கி வந்து, இந்த ஃப்ரிட்ஜுக்கு என்ன வியாதி மாமா என்று கேட்க இனி ஆள் இல்லை. வீட்டில் மற்றவர்களுக்கு ஃப்ரிட்ஜ் என்றால் கதவு மட்டும்தான். போகட்டும்.

கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேராக மாடிக்குப் போய், என்ன எழுதினேன் என்று உன் அத்தையிடம் சொல்லப்போகிறேன். அவள் பேச்சை மீறி நான் ஒரு காரியம் செய்வது இதுதான் முதல் தடவை. இன்று எனக்குச் சோறு கிடைக்குமா என்பது சந்தேகம்.

உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். அவர்கள் முகத்தில் விழிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

நீ நன்றாக இரு, மகளே. எங்களுக்கு எட்டாத தூரத்தில், நன்றாக இரு.

என்றும் உன் நலம் வேண்டும்,
மாமா