நீ சொல்ல நான் எழுதிய கடிதம்

விழுப்புரத்தில் பஸ் கிளம்புவதற்குள் பக்கத்து சீட்டு அம்மா அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த மல்லாட்டை வாசனை பட்டதும், திண்டிவனம் வந்து சேரும்வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். நீ செத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பஸ் ஏறி வந்துவிட்டாயே, பாவி!

அடுத்தவன் பைக்கை எடுத்து ஓட்டி மாட்டிக்கொண்டு, பதினைந்து வயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு வந்தவன் நான். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். நான் முகையூர், நீ ஓமந்தூர். வந்த மூன்றாம் நாளே எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. சோறு இறங்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே சுவரோரம் ஒடுங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தபோது, அங்கே அடித்துவிட்ட மொட்டைத் தலையோடு அவள் முன்னால் போக வெட்கப்பட்டுக் கக்கூசில் ஒளிந்துகொண்டேன். வார்டனிடம் கெஞ்சி, எனக்குப் பதிலாக நீ போனாய்.

"அவன் சூப்பரா கீறாம்மா, வாலிபால் ஆடிக்கினு இருக்கான், கூப்ட்டா வரமாட்டேன்றான்" என்று அளந்துவிட்டு, அவள் கொண்டுவந்த மல்லாட்டையோடு திரும்பினாய். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

பிள்ளைக்கு நம் நினைப்பே இல்லை என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்ததும் உன் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ, என் வாயாலதான்டா வந்துச்சி இந்தப் பேஜாரு" என்றாய்.

உனக்கு எழுத வராது, எனக்குப் பேச வராது. ஒரு நோட்டுத்தாளை என் முன்னால் வைத்து, "நான் சொல்றேன், நீ எழுது" என்றாய்.

"அம்மா, நான் சொன்னது பொய்ங்க. உங்க புள்ள சோறு துன்றதில்ல. சுவத்தையே பாத்துக்கினு உக்காந்திருக்கான். கதவு சாத்துனா பயப்படறான். உங்கள பாக்கணும்னு ஆசதான், வெக்கப்படறான். ஜல்தியா வாங்க."

என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பது பாதிக்கு மேல்தான் உறைத்தது. 'வெக்கப்படறான்' என்ற இடத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அங்கே வந்தபிறகு அன்றுதான் அழுதேன். "தாளு நனையுதுடா, தள்ளிப்போயி அழு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாய்.

"உங்கம்மாவுக்கும் எழுதலாமா?" என்றேன். பேச்சு நின்றபிறகு நான் முதன்முதலில் பேசியது அதுதான்.

"எந்த அட்ரஸுக்குடா?" என்று சிரித்தாய். அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கடிதம் கிடைத்ததும் அம்மா ஞாயிறுவரை பொறுக்கவில்லை, செவ்வாய்க்கிழமையே வந்து கேட்டில் நின்றாள். என் மொட்டையைத் தடவி, "எங்கிட்ட என்னாடா வெக்கம்?" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் இரண்டு பொட்டலம், உனக்கொன்று, எனக்கொன்று.

இத்தனை வருஷம் கழித்து, உன்னைக் கொண்டுபோன மஞ்சள் காமாலையில் படுத்திருந்ததை நீ யாரிடமும் சொல்லவில்லையாம். என் கஷ்டத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரிந்த உனக்கு, உன்னுடையதில் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

இன்று வீட்டுக்குள் நுழைந்ததும், "என்னாங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"மனசு தாங்கல. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரு" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.