ஆமணக்கை நம்பி வரலாமா

அன்பு மகன் ஒசெயாசுக்கு,

அம்மா எழுதுவது. போனை எடுத்ததும் நீ கேட்கும் ஆசியை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன், கடவுள் உன்னைக் காக்கட்டும். இங்கே நான், அப்பா, ஆடுகள் எல்லோரும் சுகம், அங்கே சாவோ பாவ்லோவில் உன் இருமல் அடங்கியது என்று தெரிந்தால்தான் எனக்கு முழுச் சுகம். எதிர்வீட்டு நில்டா அங்கே வருகிறாள், அவள் கையில் உப்புக்கண்டமும் வெல்லக்கட்டியும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதம். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார், மனசில் இருப்பது பாதிதான் வெளியே வருகிறது.

பஸ் ஓட்டும் வேலையை விட்டுவிட்டு மாதக் கடைசியில் ஊரோடு வந்துவிடுவதாகவும், அப்பாவோடு சேர்ந்து ஆமணக்கு போடுவதாகவும் சொன்னாயாமே. அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. எனக்குத்தான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை. பயோடீசல் ஆலையிலிருந்து தாயிசா என்று ஒரு பெண் வந்தாள், நல்ல பெண், நம் வீட்டுக் காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தாள். நம் ஆமணக்கு எண்ணெயிலிருந்து லாரிக்கும் பஸ்ஸுக்கும் எரிபொருள் செய்யலாம், புகை குறையும், மழை பொய்த்தாலும் செடி தாக்குப்பிடிக்கும் என்றாள். "பூமியில தோண்டுற எண்ணெய் ஒருநாள் தீந்துரும் அக்கா, இது வருஷா வருஷம் முளைக்கும்" என்றாள். நாள் முழுக்கப் புகையில் உட்கார்ந்து இருமுகிறாயே, அது குறையுமானால் என் கையாலேயே விதைப்பேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ சின்னப் பையனாக இருந்தபோதும் இதே பேச்சோடு ஒரு ஆலை வந்ததே. ஆமணக்கு எண்ணெய் பிசின் மாதிரி கெட்டி, தனியாக ஒத்துவராது என்று பிற்பாடு சொல்லிவிட்டு, தெற்கிலிருந்து லாரி லாரியாகச் சோயா எண்ணெயை இறக்கிக்கொண்டார்கள். நம் மூட்டைகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. இந்த முறை வேறு எண்ணெயோடு கலந்து செய்கிறோம் என்கிறாள் தாயிசா, எதில் எதைக் கலப்பார்களோ.

இன்னொரு குழப்பம் கேள். தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் நின்றுபோய், மெக்கானிக் வல்தோமிரு வந்து வடிகட்டியைக் கழற்றினான், உள்ளே சளி மாதிரி வழவழவென்று அடைத்திருந்தது. இப்போது டீசலிலேயே பயோடீசல் சேர்த்துத்தான் விற்கிறார்களாம், ஓட்டாமல் வைத்தால் ஈரம் சேர்ந்து பாசி பிடிக்குமாம். அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி, "நீங்க வெளைய வைக்கப் போறதுதாண்ணே ஒங்க இன்ஜின் தொண்டையைப் பிடிச்சிருக்கு" என்றான். அப்பா அன்றைக்கு அவனுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லவில்லை. உங்கள் டிப்போவிலும் இப்படி அடைக்கிறதா, எழுது.

மழையாவது வழி சொல்லும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. புனித லூசியா திருநாளுக்கு முந்தின மாலை, வரப்போகும் ஆறு மாதத்துக்கும் ஆளுக்கொன்றாக ஆறு உப்புக்கல்லை எப்போதும்போல வெளியே பலகையில் வைத்தேன், எந்தக் கல் கசிகிறதோ அந்த மாதம்தானே மழை. விடிந்து பார்த்தால் பலகை முழுக்க ஈரம், கல்லைக் காணோம், நம் வெள்ளாடு நாக்கைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறது. பட்டியைச் சாத்த மறந்தவர் அப்பா, அவரே அதற்கு அர்த்தமும் சொல்கிறார், கல்லே இல்லையென்றால் ஆறு மாதமும் வறட்சி, ஆகவே ஆமணக்கு போடு என்று. ஆடு தின்றதற்கெல்லாம் சாமி பொறுப்பா என்று கேட்டேன், பட்டியைச் சாத்தப் போய்விட்டார். ஈரம் நிற்கிற பள்ளத்து வயல் நமக்கு ஒன்றுதான் இருக்கிறது, எப்போதும் காராமணி போடும் அதிலும் ஆமணக்கே போடுவேன் என்கிறார். காராமணி விற்காவிட்டால் நாமாவது தின்னலாம், ஆலைக்காரர்கள் வாங்காமல் போனால் ஆமணக்கை என்ன செய்ய, அதன் பிண்ணாக்குகூட ஆட்டுக்கு விஷம். மேட்டில் ஆமணக்கு, பள்ளத்தில் காராமணி என்று சொல்லிப் பார்த்தேன், மனிதர் பிடிகொடுக்கவில்லை.

இதை எழுதும்போது அப்பா என் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் எனக்கு இவ்வளவு தைரியம். "வான்னு எழுதினியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார், எழுதினேன் என்றேன், படித்துக் காட்டச் சொன்னார். தாளில் இல்லாததைப் படித்தேன், "சீக்கிரம் வாப்பா, நெலம் ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் தொங்குபடுக்கையை எடுத்து உதற வெளியே போய்விட்டார். இப்போது எழுதுகிறேன், வேலையை விடாதே. ஒரு அறுவடை போகட்டும், ஆலை லாரி நம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போவதை என் கண்ணால் பார்க்கிறேன், பிறகு யோசிப்போம். உன்னைப் பார்க்காமல் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அதுவும் உண்மைதான். லீவு கிடைத்தால் அம்மாவைப் பார்க்க வா, ஆமணக்கை நம்பி மட்டும் வராதே. நான் சொல்வது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை.

ராத்திரி ஓட்டும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள். நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக முடியட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. பதிலை நில்டாவிடம் கொடுத்துவிடாதே, அவள் அதை உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டிவிடுவாள். அவர் வெளியே ஏதோ பாடிக்கொண்டே உன் படுக்கைக்குக் கொக்கி அடிக்கிறார், அவர் பாடிக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது.

உன் அம்மா,
சுல்மிரா