கோப்பைக்கு வைத்த மேடை

1909 ஜூலை 5, திங்கள்
கடைச் சன்னலில் நடுவே இருந்த தொப்பிகளை நகர்த்திவிட்டு, நீல வெல்வெட் போர்த்திய சின்ன மேடை ஒன்று வைத்தாயிற்று. கோப்பைக்கு. ரோடா பார்த்துவிட்டு அலறினாள்.

"அப்பா, நான் இன்னும் ஆடவே இல்ல!"

"தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சா கோப்பை நமக்கே சொந்தம். ரெண்டு முடிஞ்சுது. அது சன்னல்ல நின்னா ஊரே கடைக்கு வரும்டி."

மாவட்டப் பெண்கள் டென்னிஸ் பட்டம். போன வருஷம் ஜெயித்தவள் என்பதால் என் மகள் கடைசி ஆட்டம் மட்டும் ஆடினால் போதும். மற்றவர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திவிட்டு வரவேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஜூலை 12
மழை. புல்தரை குளமாகிவிட்டதாம்.

ஜூலை 13
வெயில். தள்ளிப்போன ஆட்டங்களை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். டாக்டர் மகள் சிபில் தோர்ன் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று ஜெயித்து ரோடாவை எதிர்க்க வருகிறாள். களைத்துப்போன எதிரி. வேறென்ன வேண்டும்?

ஜூலை 14, புதன்
அரைநாள் கடை. தையல்காரிகள் போன பிறகு ரோடா துண்டில் எதையோ சுருட்டிக்கொண்டு வந்தாள். பிரித்தால், இடுப்புக் கச்சு. கச்சை விறைப்பாக நிறுத்த உள்ளே வைத்துத் தைக்கும் திமிங்கல எலும்பு துணியைக் கிழித்து நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ரத்தம்.

"சிபிலோடது. நேத்து உடை மாத்துற அறையில பார்த்தேன், கேட்டு வாங்கிட்டு வந்தேன். நம்ம கடைச் சரக்குதான்ப்பா."

ஆமாம். நானே புகழ்ந்து விற்ற ரகம்.

"ஓடி ஆடினா யாருக்கும் இப்படித்தான். எனக்கும்தான்."

"உனக்குமா? இத்தனை நாளா?"

"சொன்னா விக்கறதை நிறுத்திடவா போறீங்க?"

எந்த மொத்த வியாபாரியும் என்னை இப்படி மடக்கியதில்லை.

எலும்பை உருவி, அந்த இடத்தில் பருத்திக் கயிறு வைத்துத் தைக்கலாம். வளையும், குத்தாது. ஆனால் நாளை ஆட்டத்துக்குள் நான் ஒருவனாக ஒன்றுதான் முடிக்க முடியும்.

"உன்னோடதைக் கொண்டா."

"அவளோடதைத் தையுங்க. எனக்கு ஒரே ஆட்டம். அவ இத்தனை ஆட்டம் ஆடிட்டு வர்றா."

"அடி கழுதை, அவ உன் எதிரிடி!"

"அதனாலதான்ப்பா. ரத்தம் கசியக் கசிய நிக்கறவளைத் தோக்கடிச்சு வாங்கின கோப்பையை நீங்க எந்த வெல்வெட்ல வெச்சாலும் எனக்குப் பார்க்கப் பிடிக்காது."

தைத்தேன். எதிரிக்கு என்று தனியாக ஒரு மட்டமான தையல் எனக்குத் தெரியாதே.

ஜூலை 15
ரோடா தோற்றுவிட்டாள். மூன்றாவது செட்டில். அந்த சிபில் எட்டாத பந்துக்கெல்லாம் வளைந்தாள். முடிந்ததும் ரோடாதான் முதலில் போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது டிராமில், எலும்பு குத்திய இடுப்பைப் பிடித்தபடி சிரிக்கிறாள்: "அவளோட கடைசி அடி பார்த்தீங்களா? அவ்வளவும் நம்ம தையல்ப்பா!"

நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணில் தூசி என்று சொன்னேன். தூசி இல்லை.

ஆகஸ்ட் 4
மேடை வெறுமனே கிடப்பது வியாபாரத்துக்கு அழகில்லை. எலும்பில்லாத கச்சு ஒன்றை அதில் ஏற்றினேன். சிபிலே தோழிகளை இழுத்துக்கொண்டு வந்தாள். தையல்காரிகளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

சிபிலுக்கு அடுத்தபடியாகத் தைத்தது ரோடாவுக்குத்தான். அடுத்த வருஷம் முதல் சுற்றிலிருந்து ஆடி வரவேண்டுமே.

அவளுடைய பழையதில் இருந்த எலும்புகளைத் தோட்டத்தில் பட்டாணிப்பூக் கொடிக்கு ஊன்றிவிட்டேன். கொடி சொகுசாகச் சாய்ந்து நிற்கிறது.