பாம்புக்கடிப் புத்தகத்தின் எழுத்து அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நான் சுகம். உங்கள் முழங்கால் வலி படியேற விடுகிறதா?

எங்கள் விடுதிப் பள்ளி அச்சிடும் பாம்புக்கடி முதலுதவிப் புத்தகத்துக்கு மெல்லிய, சிறிய எழுத்தைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளி நர்சம்மா தாளைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

“அழகாத்தான் இருக்கு. பாம்பு கடிச்சவன் மூக்குக்கண்ணாடியத் தேடிக்கிட்டு இருப்பானாடி?”

எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடமும் விட்டேன். புத்தகம் முப்பத்திரண்டு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பதால், புத்தகத்தைத் தயாரித்த எங்கள் பெயர்கள் இருந்த கடைசிப் பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். என் பெயர் அச்சில் வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பீர்கள், கோபிக்காதீர்கள். கொஞ்சம்தான் அழுதேன்.

நீங்கள் மட்டும் இனிமேல் பொடி எழுத்தில் எழுதுங்கள், அப்பா. ஒரு தாளில் நிறைய அடங்கும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் மகள்