சந்தனம் பட்ட கண்ணாடி

கூட்டேரிப்பட்டு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மயிலம் முருகன் புண்ணியத்தில் அந்த கிளாஸ்கோ குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, மனம் வரவில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள், எனக்கு நடிக்க வராது. அதனால் உன் ஆஸ்பத்திரியில் பார்க்க நீ கேட்ட கண்ணாடித் துண்டோடு இதையும் கூரியரில் வைக்கிறேன், பாக்கெட்டைப் பிரித்ததும் முதலில் இதைப் படி.

ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதே. அம்மா வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த சதையைக் கண்ணாடியில் ஒட்டித் திண்டிவனம் லேபில் போன திங்கட்கிழமையே கொடுத்துவிட்டார்கள். மறுநாள் அனுப்பலாம் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியாததா, உன் ஹால் டிக்கெட்டிலிருந்து மோட்டார் கொட்டகைச் சாவிவரை எதுவும் பொட்டு வாங்காமல் வாசல் தாண்டியதில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, நல்ல சேதி வரணும்னு வேண்டிக்கினேன் என்று சொல்லி நிற்கிறாள். நான் அதைத் தோட்டத்துப் பக்கம் எடுத்துப்போய் ஈரத் துண்டால் அழுத்தித் துடைத்தேன். மேலே ஒட்டியிருந்த மெல்லிய கண்ணாடி நொறுங்கி, உள்ளே இருந்த ஊதாச் சாயம் ஏற்றிய சதையும் துண்டோடு வந்துவிட்டது. என் கையாலேயே கெடுத்துவிட்டேன் பாப்பா. மறுபடி வாய் வழியாகக் குழாய் விட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றால் அவள் வரவே மாட்டாள், போன தடவையே செத்தாலும் பரவால்ல இன்னொருவாட்டி வேணாம் என்றவள்.

லேபுக்கு ஓடினேன். அங்கே வேலை செய்கிற ஜெசிந்தா என்ற பெண், மீதிச் சதைய மெழுகுல பதிச்சு வச்சிருக்கோம், இன்னொன்னு சீவித் தர்றேன், பயப்படாதீங்க என்றாள். கூடவே, ரொம்பக் கொஞ்சந்தான் இருந்துச்சு, இதுக்கு மேல தேறாதுங்க என்றும் சொன்னாள். அந்தக் கடைசித் துண்டுதான் இது. விழுப்புரம் கூரியர் ஆபீஸ்வரை மடியிலேயே வைத்துக்கொண்டு போகப்போகிறேன். தான் பொட்டு வைத்ததுதான் வெளிநாடு போகிறது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள், நீயும் காட்டிக்கொடுக்காதே.

உன் சித்தப்பா தென்னரசு வந்து மல்லாட்டை பிடுங்குவதைப் பார்த்துக்கொள்கிறான், மழை விட்டதால் கடலை தப்பித்தது. காணையில் உன் மாமன் மகள் இளவரசியின் பெண்ணுக்குக் காது குத்து, அம்மா போயே தீருவேன் என்கிறாள், இரண்டு வாய் சோறு இறங்கவில்லை, ஆசையைப் பார். நாலு மாதத்தில் இளைத்துப்போய் வளையல் முழங்கைவரை ஏறுகிறது, எனக்குத் தெரியக் கூடாது என்று நூல் சுற்றிப் போட்டிருக்கிறாள். வயிற்றுப் புண்ணின் ஓரம் சரியாக இல்லை என்கிறார் டாக்டர், ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று போட்டிருக்கிறது. என்ன சந்தேகம் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

உங்கள் மெஷின் இந்தக் கண்ணாடியை முழுசாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிடும், எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று நீ சொல்லியிருக்கிறாய். தினமும் எத்தனையோ பேர் குடலையும் வயிற்றையும் பார்க்கறேன், பேர் இருக்காதுப்பா, நம்பர்தான், அதனால மனசு கலங்காது என்றும் சொன்னாய். இதில் வேணி, வயது ஐம்பத்தாறு என்று எழுதியிருக்கிறது. நேற்றுவரைக்கும் என் மகளே பார்க்கட்டும், அவளைவிட யார் இருக்கிறார்கள் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, கெட்டது ஏதாவது இருந்தால் முதலில் தெரியப்போவது உனக்கு, அப்போது நாங்கள் யாரும் உன் பக்கத்தில் இருக்க மாட்டோம். வேண்டாம் கண்ணு. உன் பெரிய டாக்டரிடம் கொடுத்துவிட்டு நீ வெளியே உட்கார்ந்துகொள்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். எதுவானாலும் என் போனுக்குக் கூப்பிடு, அம்மா போனுக்கு வேண்டாம். மனசு கேட்காமல் நீயே பார்த்துவிட்டாலும் கூப்பிடு, ஒன்றும் சொல்ல வேண்டாம், அழுதால் போதும், நீ வைக்கிறவரை நான் வைக்க மாட்டேன்.

உன் அப்பா,
ஜெகதீசன்