அதிரசம் வந்து சேர்ந்தது

சிதம்பரம்,
நவம்பர் 5, புதன்.

என் அன்புள்ள அக்காவுக்கு,

பவானி எழுதுகிறேன். இங்கே நான், இவர், சிந்துஜா, அத்தை எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன், கடிதம் என்றால் கேட்க வேண்டுமல்லவா.

நீ திருப்பூரிலிருந்து அனுப்பிய அதிரச டப்பா நேற்று வந்து சேர்ந்தது. பனியன் துண்டுத் துணியை மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு கட்டி, பச்சைக் குழந்தையைப் போர்த்தி அனுப்புவது போல் அனுப்பியிருக்கிறாய். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன், ஒரு வரி எழுத்து இல்லை. தீபாவளிக்கு முன்னாலிருந்தே என் போனை நீ எடுப்பதில்லை. மாமாவைக் கூப்பிட்டால் அக்கா குளிக்குது என்கிறார். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? பேச மனசில்லை, அதிரசம் சுட மட்டும் மனசிருக்கிறது. கோபத்திலும் உனக்குப் பாகு பதம் தப்பவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒன்று சாப்பிட்டேன். சரி, ஒன்றரை. மீதியை அத்தை வேறு டப்பாவுக்கு மாற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். நீ முதல் வரியைப் பார்த்துவிட்டு அழுகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ உட்கார்ந்து முழுதும் படிக்க வேண்டும். நடுவில் அழுகை வந்தால் அழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து படி.

தேதி குறித்தாயிற்று அக்கா. இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை, பாண்டிச்சேரியில் எனக்கு உடம்பு குறைக்கிற ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமையே போய்ப் படுக்க வேண்டும். அத்தை காலண்டரைப் பார்த்து அஷ்டமி நவமி ஒன்றும் இல்லை என்று உத்தரவு கொடுத்துவிட்டார்கள். பணத்துக்கு இவர் வழி பண்ணிவிட்டார், அதைப் பற்றி நீ யோசிக்காதே.

போனில் முதல் தடவை இதைச் சொன்னபோது நீ பேசியது எனக்கு மறக்கவில்லை. நல்லா இருக்குற வயித்த எவளாவது அறுத்துப்பாளா என்று கேட்டாய். அதைத் தாங்கிக்கொண்டேன். நான் போட்ட சோத்துல வந்த ஒடம்புடி அது, அத வெட்டிப் போடப் போறியா என்று கேட்டாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து பிரித்தேன். நீ வேறு யாரையும் அப்படி வலிக்கப் பேசுகிறவள் இல்லை.

எனக்கு எப்படி இந்த எண்ணம் வந்தது என்று நீ கேட்கவே இல்லை. பிரிசில்லா மேடம் என்று ஒருவர் நம் கடைக்கு வருவார், பேங்கில் வேலை. முன்னெல்லாம் உடம்பில் எனக்குக் கொஞ்சமும் குறைந்தவர் இல்லை. அவர் மாதா மாதம் அதே நாலு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, தொளதொள என்று இருக்கிறது, பிடித்துத் தைத்துத் தா என்றார். எங்கள் தொழிலில் பிரித்துவிடச் சொல்லித்தான் வருவார்கள், அதற்காகவே உள் தையலில் துணி விட்டுத் தைப்போம். பிடிக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப வருகிறவரை நான் பார்த்ததில்லை. ஐயோ, ஏதோ கெட்ட வியாதி போலிருக்கிறது என்று எனக்குள் பயம். அவர் வரும்போதெல்லாம் தில்லைக் காளியை வேண்டிக்கொண்டே ஊசி கோத்தேன். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, துணி போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு வயிற்றைக் காட்டினார். நாலைந்து தழும்பு. ஒவ்வொன்றும் சட்டைப் பட்டன் நுழைகிற காஜா அளவுதான் இருக்கும். நீ நினைக்கிற மாதிரி வயிற்றைக் குறுக்கே பிளப்பதில்லை அக்கா.

உனக்கென்னடி குறை என்பாய். முட்டி போய்விட்டது, மெஷினுக்கு மோட்டார் போட்டும் உட்கார்ந்து எழ முடியவில்லை. சர்க்கரைக்கு மாத்திரை போதாமல் ஊசிக்கு வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள், என் அளவை மட்டும் எடுத்ததே இல்லை. பழைய ஜாக்கெட்டை வைத்து அரை இஞ்சு, அரை இஞ்சாகக் கூட்டி வெட்டிக்கொண்டே வந்தேன். கொள்ளுக் கஞ்சி குடித்தேன், நாலு வீதியும் வருஷக்கணக்கில் சுற்றி நடந்தேன், குறைந்தது எல்லாம் இரண்டே மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. நான் தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறதாம். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கண் விழித்துப் பார்க்கிறேன், சிந்துஜா என் தலைமாட்டில் உட்கார்ந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னாடி பண்ற என்றேன். சும்மாம்மா, நீ தூங்கு என்கிறாள். பதினாலு வயசுப் பெண்ணுக்கு அது வேலையா? அம்மா இல்லாமல் வளர்வது எப்படி இருக்கும் என்று நம் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

டாக்டர் ஒரு அம்மா, பொறுமையாகச் சொன்னார். உள்ளே இருக்கிற இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, மீதியைக் குழாய் மாதிரி தைத்துவிடுவார்களாம். படம் போட்டுக் காட்டினார், அச்சு அசல் நம் ஜாக்கெட் கை. எனக்கு அது புரிந்துவிட்டது. தையல் பிரியாதா டாக்டர் என்று கேட்டேன். அபூர்வமாகப் பிரிவதும் உண்டு, அதற்காகத்தான் சில நாள் இங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். ஒன்றுமே ஆகாது என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். ஆயுசுக்கும் சத்து மாத்திரை போட வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக மென்று சாப்பிட வேண்டும், மாதக் கணக்கில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

இவரிடமும் சொன்னேன். குமராட்சி மினிபஸ்ஸில் நாள் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் ம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கடலூரில் இவருடைய பெரியம்மா பேத்திக்குக் கல்யாணம். இப்போதிருந்தே கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததால், போதும் போதும் என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். பந்தியில் யார் கேட்கிறார்கள்? சாதமும் கூட்டும் வடையும் இலை கொள்ளாமல் விழுந்தது. பெரியம்மா எதிரில் வந்து நின்றுகொண்டு, என்னா பவானி, எங்க வூட்டுச் சோறு தொண்டையில எறங்கலியா, இலையில அப்படியே கெடக்குது என்று சத்தமாகக் கேட்டார்கள். இலையில் மிச்சம் வைத்தால் எவ்வளவு குறையாக எடுத்துக்கொள்வார்கள் என்று உனக்குத் தெரியாததா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சரி தின்றுவிடுவோம் என்று கை வைக்கப் போனேன். இவர் என் இலையை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்குப் போதுமாம் பெரிம்மா, எனக்குத்தான் பத்தல என்று சொல்லிவிட்டு, என் எச்சில் இலையில் சாதத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். நினைவிருக்கிறதா, எங்கள் கல்யாணத்தன்று இவர் சாப்பிட்டு எழுந்த இலையில் எனக்குச் சோறு போட்டார்கள். நீதான் பரிமாறினாய். இப்போது பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் என் இலையில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். திரும்பி வருகிற பஸ்ஸில், என்னைக்குப் போவணும்னு சொல்லு, லீவு போடறேன் என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அதற்கு மேல் வேண்டியிருக்கவில்லை.

அத்தைக்கு வேறு கவலை. நாளைக்கி நீ எளச்சிப் போயி நின்னா, மாமியாக்காரி பட்டம்மா சோறு போடாம கொன்னுட்டான்னு ஊருல சொல்லுவாளுவளே என்று ஒரு வாரம் புலம்பினார்கள். பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ரேஷன் கடையில், மார்க்கெட்டில், கோயில் வாசலில் எங்கே யாரைப் பார்த்தாலும், எங்க மருமவளுக்கு வயித்த சின்னதாக்கப் போறாங்க, அப்பறம் எளச்சிட்டான்னு என்கிட்ட வந்து கேக்காதீங்க என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறார்கள். இப்போது சிதம்பரத்தில் பாதிப் பேருக்கு என் வயிற்றைப் பற்றித் தெரியும். முதலில் வெட்கமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. பத்தாம் தேதியிலிருந்து எனக்கு வெறும் கஞ்சித் தண்ணீரும் மோரும் சத்து மாவும்தான். அதனால்தான் உன் அதிரசம் பீரோவுக்குள் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பிரிசில்லா மேடம் ஒரு நாள் என்னைக் கடலூருக்குக் கூட்டிப்போனார். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடுகிறார்கள். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, என்னையும் சேர்த்து ஆறு பெண்கள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மணலில் உட்கார்ந்தோம். ஒருத்தி சுண்டல் வாங்கினாள், ஒரே ஒரு பொட்டலம். எங்களையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆறு பேருக்கு ஒண்ணா என்று சுண்டல்காரர் கேட்டாரே ஒரு கேள்வி! சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதிலும் மிச்சம் வைத்தார்கள் அக்கா, நான்தான் முடித்தேன். அங்கேயே மீன் விற்கிற கலைமணி என்பவள் என்னிடம் ஒன்றையும் ஒளிக்கவில்லை. முடி கொட்டும், அவசரமா தின்னா வாந்தி வரும், பசி கொறஞ்சிடும், ஆனா ஆசை போவாது, அதுக்குத்தான் நாங்க இங்க வர்றோம் என்றாள். அவள் இப்போது கூடையைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறாளாம். ஆபரேஷன் அன்று காலையில் யாரு கூட இருப்பா உனக்கு என்று கேட்டாள். எங்க அக்கா வரும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீ போன் எடுக்காதது ஞாபகம் வந்தது.

அக்கா, இனிமேல் எழுதப்போவதை நாம் பேசிக்கொண்டதே இல்லை. அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன அன்று நீ தூக்குவாளியில் ரசம் சாதம் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். உனக்குப் பதினேழு, எனக்கு ஆறு. கண் முழித்ததும் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று அதை யாரையும் தொடவிடவில்லை. அம்மா வரவில்லை. பொழுது சாய்ந்ததும் நான் பசிக்கிறது என்று அழுதேன். அந்தச் சாதத்தை நீ எனக்கு ஊட்டினாய். அழுதுகொண்டே ஊட்டினாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றிலிருந்து உன் பங்கையும் சேர்த்து என் தட்டில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாய். ஆபரேஷன் என்ற சொல் உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நீ போட்ட சோற்றை நான் வெட்டிப் போடவில்லை அக்கா. அதுதான் என்னை ஆளாக்கியது. சிந்துஜாவுக்கு நானும் இன்னும் ரொம்ப வருஷம் சோறு போட வேண்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இத்தனை பேர் கூட இருக்கிற சந்தோஷத்தில் பயம் பாதி குறைந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நீதான் வேண்டும்.

டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பாய். அதனால் உனக்கு அரக்கு நிறத்தில் ஒரு ஜாக்கெட் தைத்து, அதில் வைத்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அளவு கேட்க நீதான் போன் எடுக்கவில்லையே, குத்துமதிப்பாகத் தைத்தேன். உள் தையலில் துணி விட்டிருக்கிறேன். சரியாக இல்லையென்றால் இங்கே வா, பிரித்துத் தருகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிடு. பஸ் ஸ்டாண்டுக்கு இவர் வந்துவிடுவார். ஆனால் டப்பாவைக் கொண்டு வராதே. ரசம் வேண்டாம், கஞ்சி வேண்டாம், பழம் வேண்டாம், தூக்கு வேண்டவே வேண்டாம். உனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எனக்காக இந்த ஒரு தடவை வெறுங்கையோடு வா. என்னை உள்ளே கூட்டிப்போகும்போது வாசலில் உன் முகம் தெரிய வேண்டும். அங்கேயே உட்கார்ந்திரு. நான் திரும்பி வரும்போது உன் இரண்டு கையும் சும்மா இருக்கட்டும் அக்கா, எனக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். அக்கா குளித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ண வேண்டுமாம் என்று அவரிடம் சொல்லி வை.

உன் கையால் வளர்ந்த,
பவானி.